குளிசையை நிறுத்திய ஒன்பது நாட்கள்

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனுக்குள் என் கையும் நுழைந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது: எனக்குச் சுகமாகிவிட்டது, இனிக் குளிசை எதற்கு?

எண்பத்தொன்றில், உயர்தர (ஏ.எல்.) வகுப்பு படிக்கையில், எனக்கு ரத்தப் புற்றுநோய் (எலும்புக்குள் இருக்கும் மச்சையில் முதிராத வெள்ளை ரத்தக் கலங்கள் பெருகி மற்ற ரத்தக் கலங்களை நெருக்கும் நோய்) என்றார்கள். கொழும்பில் ஐந்து மாதம் ஊசி. ஊருக்கு வந்தால், மற்றவர்களுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் எனக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். பிறகொருநாள் டாக்டர், நோய் தணிந்துவிட்டது (பரிசோதனையில் நோய்க் கலங்கள் தென்படவில்லை) என்றார்; தினமும் விழுங்கும் குளிசையை மட்டும் தொடரச் சொன்னார். உம்மா உடனே நேர்ச்சைக் கந்தூரி விருந்து கொடுத்தார்.

"வாங்க மருமகன், இன்னமும் சீக்காளி எண்டு நடிக்காம. பிந்தினா ஈரலெல்லாம் நான் திண்டிருவன்," என்று மாமா என்னைச் சஹனுக்கு இழுத்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

அன்றே நிறுத்தினேன். இல்லாத நோய்க்கு மருந்து விழுங்குவது வீண் என்று விளக்கமும் சொல்லிக்கொண்டேன். விஞ்ஞான மாணவன் அல்லவா?

ஒன்பதாம் நாள் குளிக்கையில் தொடையில் ஒரு நீலத் திட்டு. நோய் முதலில் காட்டிய அடையாளமும் அதுதான். எங்காவது இடித்துக்கொண்டேனா? எங்கே? எப்போது? கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நின்றேன். நாவால் ஈறைத் தடவி ரத்தம் தேடினேன்.

மூத்த சகோதரி ராத்தாவிடம் மட்டும் சொன்னேன்.

"படிச்ச மூதேவி!" என்று அழுதார்.

"உம்மாட்டச் சொல்லிராதீங்க ராத்தா."

வழமையான பரிசோதனை என்று உம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு இருவரும் கொழும்பு பஸ் ஏறினோம்.

டாக்டர் ஏசவில்லை. "தம்பி, தணிஞ்சது எண்டா போயிட்டு எண்டில்ல. பரிசோதனைக்குத் தெரியாத அளவு மிச்சம் இருக்கலாம். அதுக்குத்தான் இந்தக் குளிசை, வருஷக்கணக்கா."

"திரும்பினா?"

"திரும்பவும் வைத்தியம் செய்யலாம். முதல்முறை போல லேசில்ல. சிலருக்குத் திரும்புறதே இல்ல. நீங்க எந்தப் பக்கம் எண்டு இண்டைக்கு என்னால சொல்ல ஏலாது."

ரத்தக் கணக்கு மோசமில்லை. ஆனாலும் மச்சையைப் பார்க்கவேண்டுமாம். திங்கட்கிழமை இடுப்பெலும்பில் ஊசி. குளிசையை மறுபடி தொடங்கிவிட்டேன். இதே நிலையில் இதை வாசிப்பவர்களே, டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

உடுப்பு மாற்றும்போதெல்லாம் தோலைப் பரிசோதிக்கிறேன். அடுத்த வருஷம் என்று யாராவது சொன்னால் புரிவதில்லை. திங்கள் வரைதான் எண்ண முடிகிறது.

முடிவு எதுவானாலும், ஊர் போனதும் உம்மாவை உட்காரவைத்து, தணிவது என்றால் என்னவென்று சொல்லப்போகிறேன். "அல்லாஹ் சுகமாக்கிட்டானே மனே," என்பார். அதற்குப் பிறகு நான் சொல்லவேண்டியதைத்தான், இந்த ஆஸ்பத்திரி மரவாங்கில் உட்கார்ந்து, எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.