கிரைண்டருக்குத் திரும்ப ஒரு மனு

பதவி உயர்வு பெற்ற தொழில்நுட்ப ஊழியர், ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் கேட்டால் பழைய வேலைக்கே திரும்பலாம். மனு கிடைத்த முப்பது நாளில் நிர்வாகம் பதில் தர வேண்டும். எங்கள் கம்பெனியின் பணி விதிகளில் இப்படி ஒரு பத்தி இருந்தது. எனக்குத் தெரிந்து அதைப் படித்தவர்கள் இருவர்: டைப் அடித்தவரும் நானும்.

ஓசூரில் இருபது வருடத்துக்கு மேல், கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமில் கிரைண்டர் ஓட்டியவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், யுகாதிக்கு முன்னால், அதே டூல் ரூமுக்கு என்னை மேனேஜர் ஆக்கினார்கள். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, டெலிபோன். இரும்பை மைக்ரான் கணக்கில் தேய்ப்பவனுக்கு ஆட்களை மேய்க்கவும் தெரியும் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம். அதிகாரி யாராவது பக்கத்தில் வந்தால் பேச்சு கன்னடத்துக்கு மாறிவிடும். அதிகாரிகள் எல்லாம் மதுரை, திருச்சிப் பக்கம், புரியாது. நானும் அப்படிக் கன்னடத்துக்கு மாறியவன்தான்.

மேனேஜரான இரண்டாவது வாரம், டீ நேரத்தில் டூல் ரூம் ஆட்களிடம் போனேன். பக்கத்து மெஷின்காரர், பல வருடம் என் டிபன் பாக்ஸில் கைவிட்டவர், என்னைப் பார்த்ததும் சட்டென்று கன்னடத்துக்குத் தாவினார்.

"ஏம்ப்பா, எனக்கேவா?"

"பழக்கதோஷம் சார்."

'அண்ணா' அன்றோடு போயிற்று. அவர் கன்னடத்தில் சொன்னதில் ரகசியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி டேமுக்குப் போய் மீன் வாங்கி வறுக்கப்போகிறார்கள். வழக்கமாக மசாலா என் வீட்டிலிருந்துதான் போகும்.

"மசாலா யாரு கொண்டாறது?"

"பாத்துக்கறோம் சார். உங்களுக்கு மீட்டிங் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமையா?"

டீ டம்ளரோடு ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள்.

மறுநாளே மனு கொடுத்தேன். விதியைச் சுட்டிக்காட்டி, மூன்று பிரதிகள், பெற்றதற்கு முத்திரை. முப்பது நாள் போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன். "ஃபைல் நகருது சார்" என்றார்கள். ஓசூரில் அப்போது கட்டிக்கொண்டிருந்த மேம்பால வேலைகூட அதைவிட வேகமாக நகர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டைக் கண்ணாடி அறையில் தனியாகச் சாப்பிட்டேன். வெளியே என் கிரைண்டரின் சத்தத்தைக் கேட்டே வீல் மழுங்கிவிட்டது என்று தெரிந்துவிடும். எழுந்து போனால், அதை இப்போது ஓட்டுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று அவரவர் மெஷினை அவரவர் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நான் பழைய துணியோடு கிரைண்டரிடம் போனேன். பக்கத்து மெஷின்காரர் துணியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீங்க போய் உக்காருங்க சார். பொரி குடுத்தனுப்பறேன்."

அறைக்கு வந்து, வேறொன்றும் இல்லாததால், டெலிபோனைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். பியூன் பொரிப் பொட்டலத்தோடு ஓர் உறையையும் வைத்தார். விதியில் கண்ட ஆறு மாதம் கடந்துவிட்டபடியால் மனுவைப் பரிசீலிக்க இயலாது என்று எழுதியிருந்தது. மனு கொடுத்த தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பியூன் நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்ட நாள் என்ற இடத்தில் தேதிக்குப் பதிலாக எழுதினேன்: ஆயுத பூஜை.