வெல்லத்தில் இறங்காத பஞ்சு

“கூட ஆம்பளைங்க யாரும் வந்திருக்காங்களா?”

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். நோயாளி என் அம்மா. அவள் மகள் நான், பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனாலும் விவரம் சொல்ல அவருக்கு ஒரு ஆண் வேண்டியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மில்லில் எல்லோருக்கும் இருமல் உண்டு. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஷிப்டு முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம். தொண்டையில் ஒட்டிய பஞ்சை அது வழித்துக்கொண்டு இறங்கும் என்பார்கள். போன வருடம் இருமல் விடாமல் பிடித்தபோதும் வெல்லம்தான் தின்றாள். ஆள் இளைத்தபோதும் வெல்லம்தான். “பழைய பஞ்சுதான்ட்டி, எறங்கிரும்” என்றாள். சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் ஸ்கேன் எடுக்க வந்தாள். உங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், பஞ்சு, தூசி என்று காரணம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். போய்ப் படம் எடுங்கள்.

பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்துவிட்டது. நுரையீரல் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கீமோ (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது) கொடுத்தால் கட்டுக்குள் வைக்கலாம். டாக்டர் இதை மாமாவிடம் சொன்னார், மாமா என்னிடம் சொன்னார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்காட்ட மூச்சு விடாத. தாங்கமாட்டா. பஞ்சுச்சளி கெட்டியாயிருச்சு, அதைக் கரைக்க ஊசின்னு சொல்லிருவோம்” என்றார் மாமா.

“அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா மாமா?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறா? பேசாம இரு.”

பிறகு உறவுகள் வந்தார்கள். ஆப்பிளோடு வந்து, வாசலில் மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே போய்ச் சிரித்தார்கள். சுந்தரபாண்டியத்துச் சித்தி என்னைத் தனியே இழுத்து, “ஒங்கப்பா பீடி குடிப்பாரோ?” என்று கேட்டாள். அப்பா வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. செத்துப்போன மனிதர் மேல் பழி போட்டால் இவளுக்கு என்ன கிடைக்கும்? முதல் ஊசி போட்டு முடி கொட்டியதற்கு உடம்புச் சூடு என்று அம்மாவிடம் சொன்னார்கள். தெரு முழுக்கத் தெரிந்த செய்தி அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் கீமோவுக்குப் பிறகு இருமல் குறைந்தது. அடுத்ததற்கு நாள் வந்ததும் அம்மா வரமாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டாள்.

“பஞ்சு கரைஞ்சிருச்சு. சும்மாக் கெடந்த ஒடம்பை எதுக்குப் புண்ணாக்கணும்? மிச்சத்துக்கு வெல்லம் போதும்.”

எங்கள் பொய்யை அவள் அப்படியே நம்பியிருந்தாள். நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாமாவோ, “கொஞ்ச நாள் போகட்டும், ஆண்டாளுக்கு வேண்டிக்கிடுவோம்” என்றார். ஆண்டாள் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நான் வாக்கப்பட்டிருக்கிறேன். கும்பிடாமல் இல்லை. ஆனால் அவள் வந்து ஊசி போடமாட்டாள். அன்றைக்கே பஸ் ஏறி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை.

“யார் யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்மா.”

“சித்திக்கு?”

“தெரியும்.”

“அப்ப நாந்தான் கோட்டி மாதிரி, ஒண்ணும் தெரியாம உக்காந்து வெல்லம் தின்னுட்டு இருந்திருக்கேன்.”

மாமாவுக்குப் போன் போடச் சொன்னாள். “ஏலே, நோவு எனக்கு. இனிமே டாக்டர்ட்ட நாந்தான் பேசுவேன். நீ கூட வந்தா வா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த முறை டாக்டரின் கண் மாமாவைத் தேடியபோது, அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இங்கிட்டுப் பாருங்கய்யா. ஷிப்டு எப்ப முடியும்னு வேலை பாக்கவளுக்குத்தான மொதல்ல சொல்லணும்?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவளிடமே சொன்னார், மறைக்காமல். அம்மா கேட்டுக்கொண்டாள். அக்கா தாங்கமாட்டாள் என்ற மாமாதான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அழுதார்.

கீமோ தொடர்ந்தது. கட்டி சுருங்கியிருக்கிறது, போகவில்லை. எங்களுக்கு இப்போது மாதம், வருடம் எல்லாம் ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையில் இருப்பதுதான். என் கோபமும் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். பேச்சு நடுவே அவளுக்கு இருமல் வரும். முன்பெல்லாம் அது காதிலேயே விழாது. இப்போது அவள் இருமினால் பேச்சை நிறுத்திவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். இருமி முடித்ததும் அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

“இருக்கேன்ட்டி. பேசு.”