கல்லுக்காக ஜெபித்தேன், கட்டியைக் காட்டினார்

பிரியமானவர்களே, கூட்டிக் குறைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் ஜெசிந்தா. ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. போன வருஷம் ஈஸ்டருக்கு முன்பிருந்தே என் பிரஷர் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. எடையும் ஏறிக்கொண்டே போனது. "இப்படியே போனா பக்கவாதம் வந்துடும்மா" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் படுத்துவிட்டால் அவளை யார் பார்ப்பார்கள்?

இதில் கூத்து என்னவென்றால், சேரப்பணஞ்சேரியில் எங்கள் ஜெபக்குழுவுக்கு என்னைப் பார்த்து ஒரே சந்தோஷம். கல்யாணமாகி வந்தபோது நான் ஒல்லிக்குச்சி. குழுவை நடத்தும் எஸ்தர் அக்கா சனிக்கிழமை ஜெபத்தில் என் தலைமேல் கைவைத்து, "எங்க தங்கச்சிய நல்லா பூசுனாப்ல ஆக்குனீரே, ஸ்தோத்திரம்!" என்று நன்றி சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மறுத்துப் பேசினால் ஆசீர்வாதத்தைத் தள்ளுகிறாள் என்பார்களே! நானும் ஆமென் சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து பார்த்தேன். எடை இன்னும் ஏறியது. கூட வேலை செய்யும் கோமதி, "இன்னாக்கா, உபவாசம்னு சொல்லிக்கினு பிரியாணி துன்றியா?" என்று கேன்டீனில் கிண்டல் செய்தாள். அங்கே சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

ஒருநாள் ஷிப்டு நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு வலி. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் சார்லஸ் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம், "ஆண்டவரே, கல்லா இருந்தா கரைச்சிடும்" என்றே ஜெபித்தேன். ஸ்கேனில் கல் பொடிக்கல்தான், தானாகவே போய்விடும் என்றார்கள். ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் ஒரு கட்டி தெரிந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க ராத்திரி ஒரு மாத்திரை கொடுத்து, காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "கேன்சர் மாதிரி தெரியல. ஆனா இந்தக் கட்டி கார்ட்டிசால்ங்கிற ஹார்மோனைக் கொஞ்சம் அதிகமா சுரக்குது. உங்க பிரஷருக்கும் எடைக்கும் இது காரணமா இருக்கலாம். மாத்திரையோட கவனிச்சிக்கிட்டும் இருக்கலாம், ஆபரேஷன் பண்ணி எடுத்தும் விடலாம். எடுத்தா பிரஷர் குறைய நல்ல வாய்ப்பு இருக்கு. முடிவு உங்களோடது."

அதுதான் வம்பு. எடு என்றால் எடுத்திருப்பேன், வேண்டாம் என்றால் விட்டிருப்பேன். கத்தி என்றாலே எனக்கு நடுக்கம். ஜெபத்திலேயே கரையாதா என்று ஆசை வேறு. "ஆண்டவரே, யார் மூலமாவது சொல்லும்" என்று முழங்காலில் நின்றேன்.

மறுநாள் காலையில் எஸ்தர் அக்கா வந்து நின்றார். சார்லஸ் விஷயத்தைச் சொல்லியிருந்தாராம். அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"தெரியாத்தனமா உன் சீக்குக்கே ஸ்தோத்திரம் பண்ணிட்டேனே, தங்கச்சி! மனசே கேக்கல. ஒளிஞ்சிக்கினு இருந்தத ஆண்டவரு காமிச்சிக் குடுத்துட்டாரு. இன்னும் இன்னாத்துக்கு யோசிக்கிற? போய் எடுத்துட்டு வா. நாங்க ஜெபத்துல நிக்கிறோம்."

என் பயம் அந்த இடத்திலேயே போனது. அல்லேலூயா!

சின்னச் சின்னத் துளை போட்டுக் கட்டியை எடுத்தார்கள். இந்தக் கட்டியால் வேலையில்லாமல் தூங்கிப்போயிருந்த மற்ற பக்கத்துச் சுரப்பி விழித்துக்கொள்ளும்வரை சில மாதம் மாத்திரை போட வேண்டியிருந்தது. உடம்பு வலி, அசதி எல்லாம் பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிரஷர் இறங்கியது. நர்ஸ் நம்பாமல் மறுபடியும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். இன்று ஒரே ஒரு மாத்திரைதான். பழைய துணியெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கடைத்தெருவில் மகள், "அம்மா, மெதுவா நடம்மா!" என்று பின்னால் ஓடிவருகிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் நான் வாய்விட்டு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

உங்களில் யாராவது உடம்பில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் ஆமென் போட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் காட்டும் வழியில் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். என்னோடு ஆபரேஷன் அறை வரைக்கும் வந்தவர் உங்களோடும் வருவார்.