அம்மா கேட்ட படம்

குன்னூரில் நான் வேலை பார்க்கும் கடையில் துணிக்குத் தேயிலையால் சாயம் போடுகிறோம். சென்னிமலைத் தறியில் நெய்த துணி வரும். அதைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து அதில் முக்கினால் பழுப்பு. துருப்பிடித்த ஆணியை வெல்லத்தோடு ஊறப்போட்ட தண்ணீரில் மறுபடி முக்கினால் கறுப்பு. ஒரு துப்பட்டாவுக்குப் பத்து நாளாகும். இதுதான் 'ஸ்லோ ஃபேஷன்' என்று கடை முதலாளியம்மா வருகிறவர்களிடம் சொல்வார். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். இதை அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். மெதுவாகக் கொழுந்து எடுத்தால் அவளுக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது பாதி நாள் கூலி.

அம்மா சிலோன் தோட்டத்தில் பிறந்தவள். சிறுமியாகக் கப்பலேறி வந்து, கூடலூர் பக்கம் ஓவேலியில் ஓய்வு வயது வரைக்கும் கொழுந்து எடுத்தாள். இப்போதும் சின்னத் தோட்டக்காரர்களிடம் தினக்கூலிக்குப் போகிறாள். கொழுந்தின் சாறு விரல் ரேகைக்குள் இறங்கிக் கறுத்துவிடும். சோப்புக்கெல்லாம் அசையாது. நான் நாலாவது படிக்கையில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்தவளிடம், "கைய முந்தானைக்குள்ள வச்சுக்கம்மா" என்றேன். வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அப்படியே நிற்பாள். அந்த வயதில் எனக்கு அவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்ததோ, தெரியவில்லை.

போன வருஷம் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. துணியில் தொங்கவிடும் அட்டையில் தேயிலை பறிக்கிற பெண் ஒருத்தியின் படம் போட வேண்டுமாம். உன் அம்மா இருக்கிறாரே என்றார். எனக்குப் பெருமை. உடனே போன் செய்தேன். அம்மாவுக்குத் தனியாக ஒரு படம்கூடக் கிடையாது. ஆதார் கார்டில் இருப்பதில் பேயறைந்த மாதிரி இருப்பாள்.

"நான் போயிட்டா மாலை போட ஒரு படம் வேணும்ல புள்ள. பெருசா ஒண்ணு கேட்டு வாங்கு" என்றாள். கட்டாயம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வந்து, அங்கே பஸ் மாறி, படமெடுக்கிற அன்று காலையிலேயே வந்துவிட்டாள். என் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். இறங்கியதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கை வெளுத்திருந்தது. நாலு நாளாக எலுமிச்சம்பழமும் புளியும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். போகாத மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டில் பிளீச்சிங் பவுடர் வாங்கியிருக்கிறாள். விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான். ஆனாலும் அன்று அவள் கையை மறைக்காமல் வீசி நடந்தாள்.

படமெடுக்க வந்தவர் பெங்களூர்க்காரர். கையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், இங்கிலீஷில் என்னவோ சொன்னார். இது தேயிலை பறிக்கிற கை மாதிரியே இல்லை என்கிற அளவுக்கு எனக்குப் புரிந்தது. மேடம் என்னைத் தனியே கூப்பிட்டு, சாய அண்டாவிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பூசிவிடு என்றார். எல்லாம் இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

துணியின் ஓரத்துக்குச் சாயம் தீட்டுகிற பிரஷ்ஷாலேயே பூசினேன். முதலில் தேயிலைத் தண்ணீர், மேலே துருத்தண்ணீர். உரிந்த தோலில் பட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"ஒன் வேலைக்கு எதும் வந்துரக் கூடாது. பூசு" என்றாள்.

ரேகை ரேகையாகப் பூசினேன். கைவேலைக்காரி அல்லவா, திருத்தமாகவே செய்தேன். பெங்களூர்க்காரர் என்னைப் பாராட்டினார். அவர் படமெடுத்த நேரமெல்லாம் அம்மா கேமராவைப் பார்த்து இலேசாகச் சிரித்தபடி இருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அட்டை வந்தது. இரண்டு கறுத்த கை, நடுவில் ஒரு கொழுந்து. கீழே அந்தக் கைகளைப் புகழ்ந்து இங்கிலீஷில் ஒரு வரி. முகம் இருக்கிற படம் ஒன்று வேண்டும், பெரிதாக்க வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். முகத்தை எடுக்கவே இல்லையாம்.

வேறு வழியில்லாமல் அந்த அட்டையையே ஓவேலிக்குக் கொண்டுபோனேன். அன்றும் அம்மா வேலைக்குப் போய் அப்போதுதான் வந்திருந்தாள். கை பழையபடி கறுத்திருந்தது. வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முகத்தைத்தான் தேடினாள். கையை மட்டும்தான் எடுத்தார்களாம் என்றேன். இப்போதே என் போனில் எடுக்கிறேன், நில் என்றேன்.

"இந்தக் கையோடயா? வேணாம்" என்றாள்.

அட்டையை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இதுக்கு எங்க புள்ள மாலை போடுவ?"

கேட்டுவிட்டு, வழக்கம்போலக் கை இரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.