புதிய பதிப்பும் முப்பத்தேழு வரைவுகளும்

அந்த நாளில் எங்கள் வீட்டில் நான் இணையத்துக்குப் போனால் தொலைபேசி செத்துப்போகும். மோடம் அரை நிமிடம் கத்திவிட்டு இணைப்புக் கொடுக்கும். நைனா, அதாவது என் அப்பா, அதைப் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வார். பத்து நிமிடத்தில் ஒரு ப்ளாக் பதிவை எழுதிவிட முடியாது. அதனால் கணினியிலேயே நிதானமாக எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் அனுப்பிவிடும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தேன்.

அதைப் போட்டுக் கொடுத்தவர் பாவா, என் தங்கையின் கணவர். தூரத்து முறையில் அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பே பாவாதான். அம்மையார்குப்பத்தில் அவர்களுக்குப் பவர்லூம் இருந்தது. சேலை பார்டருக்கு டிசைன் போடக் கணினி கற்றுக்கொண்டவர். உறவில் யார் வீட்டுக் கணினி படுத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வேலைக்காகத் திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். பெண்கள் பெட்டியில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதினேன். இருபது பேர் படித்திருக்கலாம். வெளியில் சொல்லக் கூடாதவற்றை 'வரைவுகள்' பகுதியில் போட்டு வைப்பேன். பீரோவில் வைத்துப் பூட்டியதாகவே நினைத்திருந்தேன்.

பிராட்பேண்ட் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையும் பாவாவும் சாப்பிட வந்திருந்தார்கள். கை கழுவிவிட்டு அவர் கணினி முன் உட்கார்ந்தார்.

"இதுக்குப் புது வெர்ஷன் வந்திருக்குது. போட்டுடட்டா?"

"ஆங், போடுங்க பாவா." நான் மோருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

புதிய பதிப்பு நிறையக் கேள்விகள் கேட்டது. எல்லாவற்றுக்கும் பாவா சரி என்றார். இந்தக் கணினியில் இருக்கும் வரைவுகளை ப்ளாக்கோடு ஒத்திசைக்கலாமா என்பதும் அவற்றில் ஒன்று.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரி, "சீயக்காய் வாங்கிட்டியா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். முப்பத்தேழு வரைவுகளும் ஒரே மத்தியானத்தில் வெளியாகியிருந்தன. அவற்றில் ஒன்று மளிகைச் சாமான் பட்டியல். துவரம்பருப்பு, கடுகு, வரமிளகாய், சீயக்காய். அதன்கீழ் யாரோ ஒரு வாசகர், "எளிமை. கடைசி வரி மனதை என்னவோ செய்தது" என்று எழுதியிருந்தார்.

எனக்கு மளிகையைப் பற்றிக் கவலையில்லை. இருபத்திரண்டாவது வரைவு எனக்கும் பாவாவுக்கும் நடந்த பெண் பார்த்தலைப் பற்றியது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் முதலில் என்னைத்தான் பார்க்க வந்தார். அன்று மாலை நாலு மணிக்குள் ஒரு வேலைக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டாக வேண்டும், கடைசி நாள். அவர் தறிக்குப் பாவு நூல் ஓட்டுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் நைனாவிடம் வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் மனசு கோணக் கூடாதென்று, ஜாதகம் பொருந்தவில்லை என்று நைனா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் தங்கையைப் பார்த்துவிட்டு அவர்களே கேட்டு வந்தார்கள். இந்த முறை ஜாதகம் பொருந்தியது. அம்மா போன பிறகு, நான் வேண்டாம் என்றது நைனாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

வரைவில் இதையெல்லாம் எழுதிவிட்டு, "அவர் பச்சைச் சட்டையில் பேசிக்கொண்டே இருந்தார். ஆயுள் முழுக்க எனக்கு நாலு மணி தவறிவிடும்போல் இருந்தது" என்று முடித்திருந்தேன். எழுதியபோது அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

அரை நாள் லீவு கேட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். "வீட்ல ஒரு தப்பு ஆயிடுச்சி சார்" என்றேன். மத்தியான ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஆனால் திருவள்ளூர் வரை நின்றுகொண்டேதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்தபோது அந்தப் பதிவின்கீழ் ஒரே ஒரு பின்னூட்டம் இருந்தது. பாவா எழுதியது. "சட்டை பச்சை இல்லை. நீலம்." வேறொன்றும் இல்லை. பதிவை அழித்தேன். சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. பிராட்பேண்டில் அந்த வசதியும் இருந்தது.

தங்கைதான். "நீ எழுதினதை அவரு சொன்னாரு. நீ வேணாம்னு தள்ளினதைத்தான் எனக்குக் கட்டி வெச்சீங்களா?"

"அப்படி இல்லடி."

"வேற எப்படி? எட்டு வருஷமா நக்ஷத்திரம்னு நம்பிகினு இருந்தேன்."

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு அவர்கள் வரவில்லை. நைனா நாலு பேருக்குச் சேர்த்து வாங்கிய காய்கறியை நாங்கள் இருவரும் வாரம் முழுக்கச் சாப்பிட்டோம். என்ன நடந்தது என்று அவர் கேட்டார், சொன்னேன். "அதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு பாவா தங்கையை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

"எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன் மாமா. அன்னிக்குத் திரும்பிப் போற பஸ்லயே, எனக்கு வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு வேற எங்கியோ போவணும்னு துடிச்சிகினு இருக்குது, அதைப் புடிச்சி இங்க உக்கார வெக்கறது பாவம்னு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எங்க வீட்ல முழிச்சிகினு இருந்தாங்க. நீங்களே வந்து ஜாதகம் சரியில்லன்னு சொன்னீங்க."

அன்றைக்கு அந்த வீட்டில் தன்னை உபசரித்த பெருந்தன்மையைப் பற்றி எட்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் நைனா.

"அதான் பாயசம் போட்டாங்களா?" என்றார்.

தங்கை பாவாவைப் பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க அக்கா மனசு கஷ்டப்படுமேன்னு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து கணினி முன் உட்கார்ந்து, "அதைக் காட்டு" என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். "அப்ப மத்ததைக் காட்டு" என்றாள்.

மிச்சம் முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மளிகைப் பட்டியலையும் விடவில்லை. அம்மா இறந்த வாரத்தில் ரயிலில் யாரோ ஒருத்தி ஒன்றும் கேட்காமல் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்ததைப் பற்றி ஒன்று இருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"இத்தினி நாளா ஏதோ ஆபீஸ் வேலைன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றாள். பாவா மெதுவாக வெளியே போய் நைனாவுடன் உட்கார்ந்துகொண்டார்.

நான் இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சற்று நகர்ந்து இடம் விட்டாள்.