மீன் தின்ற கத்தரி

யூரியா வருவது நின்ற பிறகுதான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எல்லோரும் இயற்கைப் பசளையின் மகிமையைப் பேசத் தொடங்கினார்கள். தொண்ணூறில் வந்த பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரியோடு பசளையும் போய்விட்டது. உடுவில் தோட்டக்காரர்கள் வெளிறிய பாத்திகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மீனவர் ஊரான குருநகரில் மக்டலீனுக்குப் பெருமூச்சு வரவில்லை. கோபம் வந்தது.

அவருக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். யோசனை அதற்குப் பின்னால் வரும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாற்பத்தைந்து வயது வரை மீன் சந்தையில் நின்றவர். கணவர் நீக்கிலாப்பிள்ளையின் வள்ளம், ஆழக்கடலுக்குப் போகக்கூடாது என்று கடற்படை அறிவித்த நாள் முதல் கரையில் கிடந்தது. அவர் தினமும் போய், வைத்தியசாலையில் நோயாளியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு வருவார். கரையோரக் களப்பில் பிடிபடுகிற சிறிய மீன்கள் சந்தைக்கு வந்தன. அவற்றின் தலையும் குடலும் செதிளும் திரும்பக் கடலுக்கே போயின.

"இஞ்சை அள்ளிக் கொட்டுறாங்கள், அங்கை இல்லையெண்டு அழுறாங்கள். இடையிலை மூளையுள்ள ஒருத்தரும் இல்லையோ?" என்று மக்டலீன் பங்குச் சுவாமியாரிடம் கேட்டார். சுவாமியார் கோயிலுக்குப் பின்னாலிருந்த வெறுங்காணியைக் காட்டினார்.

வள்ளம் கரையில் கிடந்த வீடுகளின் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைந்தது. குழி வெட்டி, மீன் கழிவையும் கரையில் ஒதுங்கும் சாதாளைக் கடற்புல்லையும் அடுப்புச் சாம்பலையும் அடுக்கி, மண் மூடி உக்கவிடுவார்கள். பசளை விற்றுக் கிடைப்பதைப் பெண்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்; ஒரு பங்கில் விதை வாங்கி அகதி முகாம்களுக்குச் சும்மா கொடுக்க வேண்டும். முதல் எதிர்ப்பு அயலிலிருந்தே வந்தது. மீன் நாற்றம் தாங்க முடியவில்லையாம். குருநகரில் இருந்துகொண்டு இப்படி ஒரு முறைப்பாடு செய்ய யாழ்ப்பாணத்தவருக்குத்தான் வரும்.

உடுவிலில் முருகேசு என்ற தோட்டக்காரர் ஒரு கத்தரிப் பாத்திக்குப் போட்டுப் பார்த்தார். காய் கைக்குள் அடங்கவில்லை. ஊர் முழுக்கப் பசளை கேட்டது. அதை நம்பி, அப்பம் சுட்டு விற்ற றோஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மற்றவர்களும் கையிலிருந்த சில்லறை வேலைகளை விட்டுவிட்டுக் குழி வெட்டினார்கள். எல்லாக் குழியும் நிறைந்து, உக்கி, மூட்டை கட்டத் தயாரான நேரத்தில் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது.

கொடியேறினால் உடுவிலில் சட்டி பானை மாறும். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வீட்டுக்குள் வராது. அந்த விரதச் சமையலின் நடுவே யாரோ ஒரு புண்ணியவதி கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, இது மீன் தின்று வளர்ந்ததல்லவா, சைவமா, மச்சமா என்று கேட்டுவிட்டார். மூன்றாம் நாள், முன்பு மூட்டை கேட்ட ஒவ்வொருவரும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். உடுவில் மறுத்தால் மற்ற ஊர்களும் மறுக்கும். சங்கம் அதோடு சரி.

உடுவில் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் இளையதம்பி, ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். புகையிரதமே ஓடாத ஊரில் அவரைவிட நேரம் தவறாதவர் இல்லை. மக்டலீன் ஒரு மூட்டையோடு வந்து நின்றார். பழைய யூரியாப் பை.

"பிள்ளை, உம்மடை உழைப்பை நாங்கள் குறை சொல்லேல்லை. ஆனால் விரதச் சட்டியிலை மீன் ஏறலாமோ?"

"ஏறுறது கத்தரிக்காய் ஐயா."

"அது என்னத்தைத் திண்டு வளந்தது?"

"அப்ப சாணி போட்டு வளந்தது மாட்டிறைச்சியோ?"

சபை கொதித்தது. முருகேசு சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாணி வேறு, சாணி சுத்தம் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் விளக்கினார்கள்.

இளையதம்பியின் மைத்துனர் தேவராசா, கொழும்பில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு வழி சொன்னார். மீன் மணம் அடியோடு போயிருந்தால் அது மண். மணம் இருந்தால் மீன். எல்லோருக்கும் பிடித்தது. மணந்து பார்ப்பது யார்?

"நான் பாக்கிறன்" என்றார் முருகேசு.

"நீ வெள்ளி தவிர ஆறு நாளும் மீன் தின்னுறவன். உன்ரை மூக்குக்கு அது பிடிபடாது. பிறவிச் சைவக்காரர்தான் மணக்க வேணும்" என்றார் தேவராசா.

அப்படி இரண்டு வீடுகள்தான் இருந்தன: இளையதம்பியின் வீடு, தேவராசாவின் வீடு. இளையதம்பி குனிந்து நெடுநேரம் முகர்ந்தார்.

"ஏதோ மணக்குது."

"மீனோ ஐயா?" என்றார் மக்டலீன்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? சீவியத்திலை மீனை மணந்தவனோ நான்?"

தேவராசா மூட்டைக்குள் முகத்தை விட்டார். நிமிர்ந்தபோது அவர் கண்களில் ஓர் ஒளி. "மீன்தான். சந்தேகமே வேண்டாம். சூடை. சூடைக் குடல்."

பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவி மகாதேவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"கிளாக்கர் ஐயா, பிறந்த நாள் துவக்கம் மீனோடை நிக்கிறன். உக்கின குடலை மணந்து சூடையோ பாரையோ எண்டு சொல்ல எனக்கே ஏலாது" என்றார் மக்டலீன்.

"கொழும்பிலை... பக்கத்து அறையிலை ஒருத்தன் சமைக்கிறவன்..."

"சுவருக்கு அங்காலை இருந்தே சூடை எண்டு தெரிஞ்சதோ?" என்றார் மகாதேவி.

இளையதம்பி சிக்கிக்கொண்டார். மைத்துனரின் சாட்சியை ஏற்றால் அவருடைய சைவம் போகும். சைவத்தை ஏற்றால் சாட்சி போகும். குடும்பத்தில் கலியாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். மீன் மணம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: இனி இதை மீன் பசளை என்று சொல்லக்கூடாது, கடற்பசளை என்று சொல்ல வேண்டும்.

"கடலிலை என்ன மாடோ மேயுது?" என்று மக்டலீன் முணுமுணுத்தது முருகேசுவுக்கு மட்டும் கேட்டது.

"வாயை மூடிக்கொண்டு மூட்டையை அனுப்பு, தங்கச்சி" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்த மக்டலீனிடம் நீக்கிலாப்பிள்ளை, "வெண்டிட்டாய் தானே, பேந்தென்ன மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஒருத்தராவது காய் எப்பிடி விளைஞ்சதெண்டு கேட்டவையோ? கிளாக்கர் என்ன திண்டவர் எண்டதுதான் அவைக்குப் பிரச்சினை."

மறுநாள் முருகேசுவின் வண்டில் வந்தது. றோஸும் மற்றப் பெண்களும் குழிகளைத் திறந்தார்கள். கார்த்திகை மழைக்கு முன் எல்லா மூட்டையும் போய்விட்டது. முகாம்களுக்கு விதையும் போனது. சங்கம் நிலைத்துவிட்டது என்று மக்டலீன் நினைத்தார். அடுத்த ஆவணியில் நல்லூரில் கொடியேற, கூட்டத்துக்கு வரச்சொல்லி வாசிகசாலையிலிருந்து மறுபடி ஆள் வந்தது.

"போன வருசம் முடிவெடுத்தனீங்கள் தானே ஐயா?" என்று அவர் இளையதம்பியிடம் போய்க் கத்தினார்.

"ஓம் பிள்ளை," என்றார் இளையதம்பி சாந்தமாக. "அது போன வருச மூட்டைக்கு."