குழாய்த் தடத்தில் முளைத்த பனங்கிழங்கு

எங்கள் அய்யாவை உங்களில் பலர் "வடக்கே வெல்டிங் பார்த்தவர்" என்றே அறிவீர்கள். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, அந்த வேலை என்ன என்பதைச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

சாயல்குடிக்கு உட்புறமுள்ள எங்கள் ஊரில் பிறந்த அய்யா, பரமக்குடியில் வெல்டிங் கற்று, எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலையில் சேர்ந்தார். ராஜஸ்தானில் தோண்டிய பள்ளத்தை மறுநாள் காலைக்குள் மணல் மூடிவிடும். அசாம் மலைச்சரிவில் மழை பெய்தால் குழாயோடு ஆளும் வழுக்கி விழுவார். ஆந்திரக் கழிமுகத்தில் இடுப்பளவு சேறு. இதையெல்லாம் அய்யா குறையாகச் சொன்னதே இல்லை. மகள் நான் பொறியியல் படித்து அதே துறைக்கு வந்தபோது, "வெயிலுக்குத் தொப்பி வாங்கிக்கத்தா" என்று மட்டும் சொன்னார்.

கடைசி வேலை நம் மாவட்டத்திலேயே அமைந்தது. கடலோர உவர்நிலத்தில் பள்ளம் வெட்டினால் உப்புத்தண்ணீர் ஊறும். வெறுங்குழாய் அதில் மிதக்கும். கான்கிரீட் சுமை ஏற்றி அமிழ்த்த வேண்டும். அதையும் செய்தார்கள். ஆனால் அந்தத் தடம் பெரியப்பாவின் புஞ்சை வழியே வந்தது. அவருடைய பனைகளை வெட்ட வேண்டியிருந்தது.

"நீ ஒரு வார்த்தை சொன்னா வளைச்சுப் போட மாட்டாகளா, லே?" என்றார் பெரியப்பா.

"தடத்த மாத்துறது என் கையில இல்லண்ணே. இருந்தாலும் சொல்ல மாட்டேன். வளைச்சா பக்கத்துக் காட்டுக்காரி கெணறு போயிரும்."

"அப்ப எனக்குப் பன போகலாம்!"

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

குழாய்க்கு மேல் மரம் வைக்கக் கூடாது. வேர் குழாயின் பூச்சைக் கெடுக்கும், சட்டமும் தடுக்கிறது. பெரியப்பா அந்த ஆவணியிலேயே தடத்தின் மேல் பனங்கொட்டைகளைப் புதைத்தார். கம்பெனிக்குத் தெரிந்தால் அண்ணன் மேல் வழக்கு வரும் என்று அய்யாவுக்குக் கவலை. புகாரும் சொல்லவில்லை, சண்டைக்கும் போகவில்லை. கொட்டை முளைத்துக் கிழங்கு இறங்கும்வரை காத்திருந்து, தை பிறந்ததும் போய் எல்லாவற்றையும் பிடுங்கினார். அவித்து, பாதியைப் பெரியப்பா வீட்டுக்கே அனுப்பினார். பெரியம்மா வாங்கிக்கொண்டார். அடுத்த ஆவணியில் பெரியப்பா மறுபடி புதைத்தார். ஆண்டுதோறும் இதுவே நடந்தது.

சென்ற ஆண்டு அய்யா நுரையீரல் நோயில் படுத்துவிட்டார். தை பிறந்தும் எழ முடியவில்லை. மருந்து கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "கொட்டைய யாருத்தா புடுங்குறது? ஓல விட்டுட்டா அண்ணன் மேல கேஸாயிரும்."

தை கடைசியில் விடுப்பு எடுத்து வந்து, கடப்பாரையோடு புஞ்சைக்குப் போனேன். பெரியப்பா அங்கே குனிந்து கையால் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார்.

"கடப்பாரையத் தூரப் போடுத்தா. கீழ குழாய் கெடக்கு. உங்கய்யன் கையாலதான் தோண்டுவான், பாத்திருக்கேன்."

அன்று மாலை அவித்த கிழங்கோடு எங்கள் வீட்டுப் படி ஏறினார். அய்யா ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தார்.

"முத்திப் போச்சேண்ணே. ஒரே நாரா இருக்கு."

"புடுங்க வேண்டியவன் நேரத்துக்கு வந்திருந்தா இளசா இருந்திருக்கும்லே!"

அய்யா இருமும்வரை சிரித்தார். அதன்பின் சில நாள்களே இருந்தார். பெரியப்பா அய்யாவின் கட்டிலை விட்டு நகரவில்லை.

மருத்துவமனைக்கு அலைந்த சித்தப்பாவுக்கும், இரத்தம் கொடுத்த அய்யாவின் வெல்டிங் நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பெரியப்பாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இன்று இலையில் உங்களுக்கு வைத்திருக்கும் கிழங்கு அவர் புதைத்தது. தடத்தின் மஞ்சள் அடையாளக் கல்லில் கயிறு கட்டி அளந்து, எல்லைக்கு வெளியேதான் புதைத்தார். பதம் தப்பாமல் அவரே பிடுங்கினார். நார் இல்லை, சாப்பிட்டுப் பாருங்கள்.